கண்டியில் ஒரு நீலச் சுவர்

கண்டிக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. நாகப்பட்டினத்தில் என் முதலாளி வைத்திருந்த படக்கடைக்கு, கோப்பித் தோட்டத்தில் நன்றாகச் சம்பாதித்துச் சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு துரையிடமிருந்து ஆர்டர் வந்தது. கண்டிப் பட்டணத்தின் கட்டடங்கள், கடைப் பலகைகள், சுவர்களில் எழுதியவை, வரைந்தவை, எல்லாமாக எட்டுப் படம் வேண்டும். முதலாளிக்குக் கடல் என்றாலே வயிற்றைப் புரட்டும். ஆகவே நான் போனேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. என் கையில் படம் தப்பியதே இல்லை என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வயது.

கப்பலையும் ரயிலையும் விட்டுவிடுகிறேன். எல்லாருக்கும் வரும் வாந்திதான் எனக்கும் வந்தது. கண்டி ரயிலடியில் இறங்கியதும் என் சாமான்களை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றினோம். அந்த மாடு மலைக்காட்டிலிருந்து அன்றைக்குத்தான் பட்டணத்துக்கு வந்திருந்ததாம். ரயில் ஒரு முறை கூவியது. மாடு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து வாய்க்காலில் இறங்கி நின்றது. இருபத்துநாலு கண்ணாடி கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்து பார்த்தபோது ஒன்பது முழுசாக இருந்தது. மருந்துச் சீசாக்கள் தப்பின. வண்டிக்காரர் மாட்டைத் திட்டாமல் ரயிலைத் திட்டினார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி எதற்கென்று சொல்ல வேண்டும். அன்றைக்குப் படம் எடுப்பது தோசை வார்ப்பது போல அவசரமான வேலை. கறுப்புக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து கண்ணாடியில் பசை மருந்தை ஊற்றி, வெள்ளித் திராவகத்தில் முக்கி, ஈரம் காய்வதற்குள் பெட்டியில் செருகிப் படம் எடுத்து, மறுபடி கூடாரத்துக்குள் ஓடிக் கழுவ வேண்டும். கொஞ்சம் காய்ந்தாலும் போயிற்று. நாகப்பட்டினத்து வெயிலில் பிசாசு பிடித்தவனைப் போல் ஓடுவேன். கண்டியில் காற்றே ஈரமாக இருந்தது. மருந்து நின்று நிதானமாகக் காய்ந்தது. அந்த ஊரில் எனக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான்.

தங்குவதற்கு முதலாளி ஒரு கடிதம் கொடுத்திருந்தார். திருகோணமலைத் தெருவின் வடக்கு முனையில் அரிசி, கருவாடு, கம்பளி விற்கும் மீரா லெப்பை என்பவரின் கடைக்கு. லெப்பைக்கு ஐம்பது வயதிருக்கும். பரம்பரையாகத் திகனைக்காரர், கடை மட்டும் கண்டியில். கடையின் ஒரு பக்கம் தெரு, இன்னொரு பக்கம் வண்டிகள் அவிழ்த்துப்போடும் வெட்டவெளி. கோப்பி மூட்டைகள் ஏற்றிய வண்டிகள் விடிய விடிய வந்து நின்றன. எங்கு பார்த்தாலும் புளித்த பழத்தோல் வாசனை. அன்றிரவு சோறும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார்கள். சம்பலின் காரத்தில் என் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்து, லெப்பை வீட்டுக்கு ஞாபகம் வந்துவிட்டதா என்று பரிவாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலையில் தேங்காய்ச் சிரட்டையில் கோப்பி கொடுத்தார், கடித்துக்கொள்ளக் கித்துள் என்ற மலைப்பனையின் கருப்பட்டியோடு. நாங்கள் காலையில் நீராகாரம் குடிக்கிற ஜனங்கள். முதல் வாயில் மருந்தென்று நினைத்தேன், மூன்றாம் வாயில் இன்னொரு சிரட்டை கேட்டேன்.

வேலையைத் தொடங்கினேன். புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையின் முகப்பு, ஏரிக்கரைச் சுவர், சுவரில் சிங்கமும் அன்னமும் எழுதிய ஒரு சின்ன விகாரை, சிங்களம், தமிழ், இங்கிலீஷ் என மூன்று எழுத்திலும் பெயர் எழுதிய சாராயக்கடைப் பலகை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு நான் குனிந்து நிற்கும்போது இரண்டு சிங்களப் பெண்கள் ஏதோ சொல்லிக்கொண்டு போனார்கள். கூட வந்த லெப்பை சிரித்தார். 'பாவம், வெளியில அழ வெட்கப்பட்டுத் துணிக்குள்ள அழுவுறான்' என்று சொன்னார்களாம்.

நடுப்பகலில் திருகோணமலைத் தெருவை எடுத்தேன். நூறு வண்டியும் ஐந்நூறு ஆளும் நகர்ந்துகொண்டிருந்தார்கள். கழுவிப் பார்த்தால் தெரு காலியாக இருந்தது. அசையாமல் தூங்கிய ஒரு நாய் மட்டும் விழுந்திருந்தது. லெப்பை திகைத்துப்போனார். மூடியைத் திறந்து எட்டு எண்ணும்வரை அசையாமல் இருப்பதுதான் கண்ணாடியில் நிற்கும், நடமாடுவதெல்லாம் கரைந்துவிடும் என்று விளக்கினேன். விளக்குவது எனக்குப் பிடித்தமான வேலை.

அன்று பிற்பகல்தான் லெப்பை தன் பக்கச் சுவரைக் காட்டினார். வெட்டவெளியைப் பார்த்த நீளமான சுவர், எட்டுப் பாகம், ஐம்பது அடிக்குக் கிட்ட இருக்கும். வெள்ளைச் சுவர் முழுக்க நீலத்தில் உருவங்கள்: மீன், சேவல், உலக்கை, குத்துவிளக்கு, தேள், பனைமரம். உள்ளங்கை அளவில் இருநூற்றுக்குக் குறையாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சில கோடுகள். கோவில் ஓவியமும் இல்லை, கடை விளம்பரமும் இல்லை. இது என்ன கூத்து என்று கேட்டேன்.

அவர் சொன்ன விவரம் இதுதான். தமிழ்நாட்டுச் சீமையிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு வரும் ஜனங்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியாக நடந்து, மாத்தளையைத் தாண்டி இந்தத் தெருவில்தான் நுழைகிறார்கள். முன்னால் புருஷன் வருவான், இரண்டு மாதம் கழித்துப் பெண்டாட்டி வருவாள். அவன் எந்தத் தோட்டத்துக்குப் போனான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தோட்டத்துக்குத் துரை வைத்த பேர் அவர்கள் வாயில் நுழையாது. ஆகவே ஒவ்வொரு கங்காணியும் தன் கூட்டத்துக்கு ஓர் அடையாளம் சொல்வார். லெப்பை அதைச் சுவரில் போடுவார். பக்கத்தில் எந்தப் பாதை என்பதற்கு ஒரு குறி: தெல்தெனியப் பக்கம் என்றால் ஆறு கடக்க வேண்டும், அதற்கு ஓடம், வத்தேகமப் பக்கம் மரம், பேராதனைப் பக்கம் பாலம், மாத்தளைப் பக்கம் மலை. அப்புறம் மைலுக்கு ஒரு கோடு.

"எழுத்து வாசிக்கத் தெரிஞ்சவன் நூத்துல ஒருத்தன், தம்பி. நண்டு எண்டா எல்லாருக்கும் நண்டுதான்," என்றார்.

மழைக்குக் கரையாமலிருக்கச் சுண்ணாம்பில் அவுரி நீலத்தையும் கருப்பட்டித் தண்ணீரையும் குழைத்து, விரலால் தடிப்பாக இழுத்து வரைவாராம். அதையெல்லாம் நான் அரைக் காதில்தான் கேட்டேன். பேசிக்கொண்டே அவர் கடைக்குள் போய் ஒரு கரித்துண்டை எடுத்து, அந்த இருநூறு உருவத்தையும் உள்சுவரில் திரும்ப வரையும் வேலையைத் தொடர்ந்தார், என் கண் அதில்தான் இருந்தது. கவர்னர் துரை கண்டிக்கு வருகிறாராம். ஊர்வலம் போகும் வழியிலுள்ள சுவரெல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. நாளைக் காலையில் சுண்ணாம்படிக்க ஆள் வருகிறது. இருபது உருவம் வரைந்திருந்தார். ஊர்ச் சனம் வந்து கேட்டால் நான் எதைக் காட்டுவேன் என்று அவர் கவலையோடு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அங்கேதான் என் வாய் திறந்தது.

"கரிய வச்சுட்டு வாங்க லெப்பை. ஒங்க சுவரையே கண்ணாடியில எறக்கித் தரேன். ஒரு புள்ளி விடாது."

அவர் யோசித்தார். கண்ணாடி நம்பகமானதா என்று கேட்டார். கண்ணால் பார்ப்பதைவிட நம்பகமானது என்றேன். அவர் கரித்துண்டைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். வெயில் சுவர் முழுக்க விழ, பத்து எண்ணிப் படம் எடுத்தேன். கழுவி, வெளிச்சத்தில் ஒரு நொடி பிடித்துப் பார்த்தேன். கூரை ஓடு ஓடாகத் தெரிந்தது, சன்னல் கம்பி கூர்மையாக நின்றது. திருப்தியாகத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் நாலு பேர் ஏணியும் வாளியுமாக வந்தார்கள். சுவரின் கீழ் வரிசைகளைத் தகட்டால் சுரண்டினார்கள். வெயில் ஏறியதும் சோம்பல் வந்து, மேலே சுரண்டாமலே சுண்ணாம்பை அள்ளி அடித்தார்கள். இரண்டு பூச்சு. பத்து மணிக்குள் சுவர் புது வேட்டி மாதிரி ஆகிவிட்டது. லெப்பை அவர்களுக்கு வெற்றிலை கொடுத்து அனுப்பினார். கண்ணாடி இருக்கிறது என்ற தைரியம் அவருக்கு.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. வடக்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். பேர் காத்தாயி என்று பிறகு சொன்னாள். இடுப்பில் ஆறு வயதுப் பெண் குழந்தை, அதற்குக் காய்ச்சல். அவள் நேராகச் சுவருக்கு முன்னால் வந்து நின்றாள். மேலும் கீழும் பார்த்தாள். கடைசி வரை நடந்து போனாள், திரும்பி நடந்து வந்தாள். பிறகு கடைக்குள் வந்து, எழுதிய சுவர் எங்கே என்று கேட்டாள். இதுதான் என்றார் லெப்பை.

"எங்க கங்காணிக்கு நண்டு அடையாளம், ராவுத்தரய்யா. நண்டத் தேடி வான்னுதான் சொல்லி அனுப்புனாரு," என்றாள்.

அவளும் ஒரு கூட்டத்தோடுதான் கிளம்பியிருக்கிறாள். வழியில் காய்ச்சல் கண்டு கூட்டம் சிதறிப்போய், யார் யார் பின்னாலோ நடந்து வந்து சேர்ந்திருக்கிறாள். புருஷன் பேர் ரெங்கன். கங்காணி பேர் ராமசாமி. ராமசாமிக் கங்காணி என்று இந்த மலைகளில் இருபது பேர் இருப்பார்கள் என்று லெப்பை சொன்னார். நண்டு போட்டது அவருக்கு ஞாபகம் இருந்தது. எந்தப் பாதை, எத்தனை கோடு என்பது ஞாபகம் இல்லை. மாதத்துக்கு நூறு கூட்டம் வருகிற இடத்தில் அதை யார் நினைவில் வைப்பார்கள்? ஆனாலும் அவர் முகத்தில் கலக்கம் இல்லை. "பயப்படாத மக. தம்பிக்கிட்ட சுவர் இரிக்கி," என்று என்னைக் காட்டினார்.

நான் கொஞ்சம் ஜம்பமாகவே போய்க் கண்ணாடியை எடுத்து வந்தேன். பின்னால் கறுப்புத் துணியை வைத்தால் கறுப்பு வெள்ளை மாறாமல் படம் நேராகத் தெரியும். வைத்தேன்.

கூரை இருந்தது. சன்னல் இருந்தது. சுவரும் இருந்தது. சுவரில் ஒன்றுமே இல்லை.

முதலில் துணியைத்தான் சந்தேகப்பட்டேன். துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அப்புறம் எனக்கு விளங்கியது. எங்கள் மருந்துக்கு நீலம் தெரியாது. நீலமும் வெள்ளையும் அதற்கு ஒன்றுதான். அதனால்தான் எல்லாப் படத்திலும் வானம் வெறும் வெள்ளையாக விழுகிறது. இது இந்தத் தொழிலில் முதல் வாரம் சொல்லித்தரும் பாடம். வானத்துக்கு நடப்பது சுவருக்கும் நடக்கும் என்று எனக்கு மட்டும் தோன்றவில்லை. ஏனென்றால் நான் சுவரைப் பார்க்கவே இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லெப்பையிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. உள்சுவருக்குப் போய்த் தன் கரிக்கோட்டு உருவங்கள் இருபதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதில் நண்டு இல்லை. "நாலஞ்சு மணித்தியாலம் இருந்திச்சு. எல்லாத்தையும் போட்டு முடிச்சிருப்பன்," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல்.

பிற்பகலில் ஒரு கங்காணி வந்தார். காத்தாயி சொன்ன ராமசாமி இல்லை, வேறு ஆள். வண்டிகளுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நாற்பது பேரோடு தங்கியிருந்தார். புசல்லாவைப் பக்கம், நேர் எதிர்த் திசையில், தோட்டத்துக்குப் போகிறவர். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். குழந்தைக்குக் கஞ்சி கொடுத்தவரே அவர்தான்.

"ஏம்மா, காச்சக்காரப் புள்ளய வச்சுக்கிட்டு எத்தன நாளு தெருவுல நிப்ப? விடியக் கெளம்புறோம். கம்பளிய வாங்கிக்க, நம்ம கூட்டத்துல ஒருத்தி. புருசன அப்புறம் தேடிக்கலாம்," என்றார்.

அந்தக் கம்பளியை வாங்கினால் என்ன அர்த்தம் என்று லெப்பை எனக்குத் தனியே சொன்னார். அவள் அந்தக் கங்காணியின் ஆள் ஆகிவிடுவாள். விலகிப்போக அனுமதிக்கும் துண்டுச் சீட்டு இல்லாமல் அந்தத் தோட்டத்தைவிட்டு வெளியேறினால் பிடித்துக்கொண்டுபோய் அடைப்பார்கள். ரெங்கன் ஒரு மலையில், அவள் ஒரு மலையில். அப்படிப் பிரிந்துபோய்ச் சேராமலே போனவர்களை அவருக்குத் தெரியும். வாங்காவிட்டால் குழந்தையோடு எங்கே படுப்பாள்? லெப்பை தன் வீட்டில் இரண்டு நாள் வைத்துக்கொள்ளத் தயார். ஆனால் ஆளில்லாத பெண் பட்டணத்தில் தங்கினால் காவல்காரன் வந்து கேட்பான். காத்தாயி கம்பளியைத் தொடவில்லை. விடியட்டும் என்றாள். விடிந்தால் வேறு வழியில்லை என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

நான் அவளிடம் நண்டைப் பற்றிக் கேட்டேன். எத்தனை கால், கொடுக்கு மேலேயா கீழேயா என்றெல்லாம். அவள் மண்ணில் வரைந்து காட்டினாள். ஒரு வட்டம், பக்கத்துக்கு மூன்று கால், மேலே இரண்டு கொடுக்கு. அதை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆனது. துரை கேட்டிருந்த எட்டாவது படம் பாக்கி: வெட்டவெளியின் ஓரத்தில் கவர்னருக்காகக் கட்டியிருந்த வரவேற்புப் பந்தல். என்னிடம் சுத்தமான கண்ணாடி ஒன்றே ஒன்று மிச்சம். மறுநாள் எனக்கு ரயில். மனசே இல்லாமல் கண்ணாடியில் மருந்தூற்றி முக்கி எடுத்துப் பெட்டியை நிறுத்தினேன். துணிக்குள் தலையை விட்டேன். பெட்டிக்குப் பின்னாலுள்ள தேய்த்த கண்ணாடியில் உலகம் எப்போதும் தலைகீழாகத்தான் தெரியும். பந்தல் தலைகீழாகத் தொங்கியது. ஓரத்தில் லெப்பையின் சுவர் தலைகீழாகத் தொங்கியது. அதில் ஒரு மீன் தொங்கியது.

தலையை வெளியே எடுத்துப் பார்த்தேன். வெறும் வெள்ளைச் சுவர், வெயிலில் கண் கூசியது. மறுபடி துணிக்குள் போனேன். மீன், சேவல், பாதி உலக்கை. சூரியன் மேற்கு மலைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. வெயில் சுவரோடு சுவராகப் பக்கவாட்டில் ஊர்ந்தது. விரலால் தடிப்பாகப் போட்ட கோடுகள் சுண்ணாம்புக்கு அடியில் மேடாக நின்றன. அந்த மேட்டுக்கு ஒரு மயிரளவு நிழல் விழுந்தது. கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் இல்லாமல் இருட்டுத் துணிக்குள் சுவரை முழம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்ததால் அந்த நிழல் என் கண்ணுக்குப் பிடிபட்டது.

லெப்பையைக் கூப்பிட்டேன். காத்தாயி ஓடி வந்து சுவரருகில் நின்றாள். கிட்டப் போனால் அவள் நிழலே சுவரில் விழுந்து எல்லாவற்றையும் மறைத்தது. தடவிப் பார்த்தாள்; ஈரச் சுண்ணாம்பு கையோடு வந்தது. தொட வேண்டாம், அழிந்துவிடும் என்று கத்தினேன். பெட்டியைச் சுவர் பக்கம் திருப்பினேன். கண்ணாடி ஏற்கெனவே உள்ளே, ஈரமாக, பந்தலுக்காகக் காத்திருந்தது.

மாலை வெயில் எங்கள் மருந்துக்கு ஆகாது. மஞ்சள் வெளிச்சத்தில் அது அரைத் தூக்கம்தான். நூற்றிருபது வரையாவது எண்ண வேண்டும் என்று கணக்குப் போட்டேன். சூரியன் அவ்வளவு நேரம் நிற்குமா என்று தெரியவில்லை. மூடியைத் திறந்து எண்ண ஆரம்பித்தேன்.

முப்பதில் ஒரு மாடு பெட்டியின் காலில் முதுகைத் தேய்க்க வந்தது. லெப்பை அதன் கொம்பைப் பிடித்து அப்படியே நிறுத்தினார். ஐம்பதில் கங்காணி என்ன நடக்கிறதென்று பார்க்க வந்து, சுவருக்கு நட்டநடு முன்னால், இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். சாதாரணமாக நான் போடும் கூச்சலுக்கு அளவிருக்காது. அன்று வாயைத் திறந்தால் எண்ணிக்கை போய்விடும். கையை ஆட்டினேன். அவர் அதைச் சலாம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் நிமிர்ந்து நின்றார். காத்தாயி போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். வேற்று ஆணின் கையைத் தொட்டு இழுக்கிற பெண்ணாக அவள் தெரியவில்லை. அவர் நகர்ந்தபோது எழுபத்தைந்து. நூற்றிரண்டில் வெயில் சுவரின் கீழிருந்து மேலே ஏறத் தொடங்கியது. நூற்றுப்பத்தில் சுவர் சாம்பல் நிறமானது. மூடினேன்.

கூடாரத்துக்குள் ஓடினேன். மருந்தை ஊற்றும்போது ஒரு மூலையில் வழிந்து கறையாகிவிட்டது. கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே கொண்டுவந்து லெப்பையின் கறுப்புத் தொப்பியைக் கழற்றி அதன் மேல் வைத்தேன். துணியை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை.

மங்கல்தான். ஆனால் இருந்தது. கீழ் வரிசைகள் சுரண்டப்பட்டுக் காலி. மேலே மூன்று வரிசையும் நிழல் நிழலாக நின்றன. நடுவில் கங்காணி புகை மாதிரி நின்றார். அவர் நின்ற நேரம் போதாததால் உடம்பு முழுசாக விழவில்லை. அவருக்குள்ளே சுவர் தெரிந்தது. காத்தாயி கண்ணாடி மேல் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கங்காணியின் நெஞ்சுக்கு நேரே விரலை வைத்தாள்.

"நண்டு," என்றாள்.

வட்டம், கால்கள், கொடுக்கு. பக்கத்தில் ஒரு வளைகோடு. லெப்பை கண்ணாடியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். ஓடம் என்றார். அப்புறம் கோடுகளை எண்ணினார். ஒரு தரம் பத்து வந்தது, இன்னொரு தரம் பதினொன்று. என்னை எண்ணச் சொன்னார். பதினொன்றுதான். திகனையைத் தாண்டி இரண்டு மைல்.

அவள் அழவில்லை, கும்பிடவும் இல்லை. எப்போது கிளம்பலாம் என்று மட்டும் கேட்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

நாலாம் நாள் நான் ரயிலுக்குப் போகவில்லை. பந்தல் படமும் எடுக்கவில்லை. அதற்கு முதலாளி பிறகு சொன்னதை இங்கே எழுத முடியாது. விடியற்காலையில் லெப்பையின் உப்பு வண்டி திகனைக்குப் புறப்பட்டது. காத்தாயியும் குழந்தையும் மூட்டைகளுக்கு நடுவில், நான் வண்டிக்காரர் பக்கத்தில். என்னை யாரும் கூப்பிடவில்லை. கண்ணாடியில் தப்பாகப் பார்த்திருந்தால் என்ன செய்வது என்ற பயம்தான் என்னை வண்டியில் ஏற்றியது. அது பதினொன்றில்லாமல் பத்தாக இருந்தால்? வளைகோடு ஓடம் இல்லாமல் பாலமாக இருந்தால்? கையில் சீட்டில்லாத பெண்ணைப் பாதையில் யார் நிறுத்திக் கேட்டாலும் கதை முடிந்தது.

ஆற்றில் ஓடத்துக்காக நெடுநேரம் காத்திருந்தோம். காவல்காரன் ஒருவன் அக்கரையில் நின்று வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கரை சேர்ந்ததும் வண்டிக்காரர் சிங்களத்தில் அவனிடம் ஏதோ சொன்னார். அவன் என் கறுத்த விரல்களைப் பார்த்து முகத்தைச் சுளித்துப் போகச் சொன்னான். எனக்கு ஏதோ தோல் வியாதி, தெல்தெனிய வைத்தியரிடம் அழைத்துப்போகிறோம் என்று சொன்னாராம். வெள்ளித் திராவகக் கறைக்கு அப்படியும் ஓர் உபயோகம்.

திகனையில் லெப்பையின் தங்கை வீட்டில் ரொட்டியும், ஆணம் என்று அவர்கள் சொல்லும் மீன் குழம்பும் சுடச்சுடக் கொடுத்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது, இரண்டு ரொட்டி தின்றது. காத்தாயி தண்ணீர் மட்டும் குடித்தாள். அதற்கப்புறம் இரண்டு மைலும் அவள் வண்டியில் உட்காரவில்லை. முன்னால் நடந்தாள்.

பதினோராவது மைலில் ஒரு தோட்டப் பாதை மலைமேல் ஏறியது. இருபுறமும் கோப்பிச் செடி, மார்பளவு. பழக்கூடைகளோடு ஒரு வரிசை ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இது ராமசாமிக் கங்காணி கூட்டமா என்று வண்டிக்காரர் கேட்டார். முன்னால் வந்தவன் ஆமாம் என்றான். எந்த ராமசாமி என்று நான் கேட்பதற்குள், வரிசையின் கடைசியில் ஒருவன் நின்றுவிட்டதைப் பார்த்தேன்.

குழந்தை 'அப்பா' என்று ஓடியது. அவன் கூடை தோளிலிருக்கவே ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டான். சிரித்தான். நான் வண்டியிலிருந்து குதித்து, என் முகமும் சிரிப்பாக, கிட்டப் போனேன். நான் செய்த வேலைக்கு ஒரு வார்த்தை கேட்கும் ஆசையோடுதான் போனேன், அதை மறைக்கப்போவதில்லை.

ரெங்கன் காத்தாயியைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் வண்டியைப் பார்த்தான். வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். உப்பு மூட்டைகள்தான் இருந்தன.

"சின்னவன் எங்க?" என்றான்.

இரண்டு நாளாக நான் அவளோடு இருந்தேன். நண்டுக்கு எத்தனை கால் என்று கேட்டேன். எத்தனை பேரோடு ஊரிலிருந்து கிளம்பினாய் என்று கேட்கவில்லை.

"மாத்தளைக்கு அங்கிட்டு," என்றாள் அவள். "காட்டுக்குள்ள. காச்சல்ல போயிட்டான், ஒரு மரத்தடியில வச்சுட்டு வந்தேன். வேற யாரும் வந்து சொல்றதுக்கு முந்தி நானே வந்து ஒங்ககிட்ட சொல்லணும்னுதான் ஓடியாந்தேன்."

அவன் கூடையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தான். வரிசையில் முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்கள். பிறகு கேட்டான்.

"அந்த மரத்துல அடையாளம் ஏதும் வச்சியா?"

"இல்ல," என்றாள். "நிக்க விடல. கூட்டம் போயிக்கிட்டே இருந்துச்சு."